தவளைச் சண்டையும் என் சுண்டுவிரலும்

ஜூன் 2, செவ்வாய்

வீட்டுக்குள் ஒரு பிணம் வந்திருக்கிறது. சாம்பல் நிறம், மூன்று துண்டு, பின்னால் வால். அக்கா வீட்டுப் பரணில் இத்தனை வருஷம் கிடந்த கம்ப்யூட்டரை மகள் காரில் ஏற்றிக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பிவிட்டாள். நாங்கள் சாப்பிடுகிற மேசை!

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பிஸ்கட் தூள், முடி, நகத்துண்டுகள், ஒரு கரப்பான் முட்டை. கடைசியாக அந்தக் கரப்பானின் காலும் வந்து விழுந்தது.

"இது யாரோட நகம்?" என்றாள் மனைவி, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"என்னோடதா இருக்கும்."

"கல்யாணத்துக்கு முந்தின நகம். எனக்குச் சம்பந்தமில்லை, நீங்களே அள்ளுங்க."

தெரு முழுக்க இந்தப் பைத்தியம்தான். எதிர்வீட்டுப் பல் டாக்டர் குடும்பத்தோடு பழைய கார் ரேஸ் ஆடுகிறார். "பிரேக்கு! பிரேக்கைப் பிடிடீ!" என்று அவர் மனைவியைப் பார்த்துக் கத்துவது எங்கள் குளியலறை வரை கேட்கிறது. வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், இப்போது தன் வாயை மூட மறந்துவிட்டார். பழைய கேம் ஆடினால் குடும்பம் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், ஒட்டுகிறது.

ஜூன் 3, புதன்

உயிர் வந்துவிட்டது. உள்ளே விசிறி இருமிக்கொண்டே ஓடுகிறது. ஒவ்வொரு இருமலுக்கும் கொஞ்சம் தூசி என் சட்னியில். தூ.

ஜூன் 5, வெள்ளி

மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். தவளைச் சண்டை.

"அப்பா, நீயும் அத்தையும் ஆடுவீங்களாமே! ஞாயித்துக்கிழமை அத்தையை வரச் சொல்லிட்டேன்."

சரி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, நாட்குறிப்பே? எழுதிவிடுகிறேன்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவது. ஒரு பச்சைத் தவளை, ஒரு மஞ்சள் தவளை, நடுவில் ஒரு தாமரை இலை. தள்ளிவிட்டவன் ஜெயித்தான். பச்சை அக்கா, மஞ்சள் நான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபது. துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஆபீஸ் வைத்திருந்த சித்தப்பா, "உங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க, வேலை தரேன்" என்றார். இன்னொருவர் அப்பாவின் சலவைக் கடையில் உட்கார வேண்டும். அப்பா எங்களைப் பார்த்தார். "நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு அழுக்கு மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார்.

நாங்கள் தவளைகளிடம் விட்டோம். ஐந்து ஆட்டம். அக்காவுக்கு டைப்பிங்கில் என்னைவிட இரண்டு மடங்கு வேகம். அந்த ஆபீஸுக்கென்றே கற்றுக்கொண்டவள். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவதில் நான் இலையின் ஓரத்தில்.

அந்தக் காலக் கீபோர்டுக்கு ஒரு நோய் உண்டு. நாலைந்து பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை முழுங்கிவிடும். நடுவில் இருக்கும் இரண்டு எழுத்துகள்மேல் இடது கைச் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சும்மா சாய்த்து வைத்தால், பச்சைத் தவளை குதிக்காது. இதை நான் ஒரு மாதம் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

சாய்த்தேன். பச்சை, தண்ணீரில்.

"மூணுக்கு ரெண்டு. போடா, போய்க் கப்பலைப் பாரு" என்றாள் அக்கா. தலையில் தட்டிக்கூடக் கொடுத்தாள். அவள் அன்றைக்குச் சலவைக் கடையில் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம், ஊரார் வியர்வை, ஊரார் வாந்தி. கல்யாணம் ஏன் வேண்டாம் என்று கேட்டால், "அதான் ஊர் அழுக்கோட குடும்பம் நடத்துறேனே" என்பாள். எல்லோரும் சிரிப்போம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பேன்.

நானோ ஒன்பது வருஷத்தில் அந்த ஆபீஸும் சலித்துப்போய்த் திரும்பி வந்து, சோபா விற்கிறேன். துறைமுகத்தில் நான் கற்ற ஒரே பாடம், கடல் காற்று முடிக்கு ஆகாது. முடியும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வரவழைத்துக்கொள்ள முடியுமா?

ஜூன் 7, ஞாயிறு

காய்ச்சல் வரவில்லை. அக்கா வந்தாள், கையில் சின்ன பிரஷ்ஷும் ஒரு புட்டியும். "சீ, இதுலயா கையை வெக்கிறீங்க?" என்று ஒவ்வொரு பொத்தானாகப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பல் தேய்ப்பது மாதிரித் தேய்த்தாள். தண்ணீர் டீ நிறமானது. மனைவி ஓடிப்போய் பால்கனியில் நின்றுகொண்டாள். அக்காவுக்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. கறையைப் பார்த்தால் அது என்ன, எப்போது பட்டது, யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

நான் இடது கையைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டு ஆடினேன். ஏழு ஆட்டத்தில் ஏழும் தோற்றேன். அக்கா நாற்காலியிலேயே குதித்தாள். ஐம்பது வயதில் ஒரு பெண்பிள்ளை அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. மனைவி கைதட்ட, மகள் விசிலடிக்க, நான் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனேன். சோப்புத் தண்ணீர் வாடைக்காக என்று வைத்துக்கொள்வோம்.

"அன்னிக்கு மட்டும் எப்படிடா ஜெயிச்சே?" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

"அன்னிக்கு எனக்குத் தலைமுடி இருந்துச்சுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். தப்பித்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

ஷோரூமில் ஒரு மூன்று சீட் சோபாவை 'வாழ்நாள் முழுக்கக் கறை படியாது' என்று சொல்லி விற்றேன். வாய் கூசவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. அந்தக் கைதான் காரணம்.

இன்றைக்கு நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். அதுதான் வினை. ஆட்டம் சூடானதும் தொடைக்கடியிலிருந்து கை எப்போது எழுந்தது என்றே தெரியாது. இரண்டுக்கு இரண்டு. மஞ்சள், இலையின் ஓரத்தில். பச்சை குதிக்கவில்லை. தொப்பென்று விழுந்தது. நான் "ஹே!" என்று கத்தினேன். மனதார, சின்னப் பையன் மாதிரி!

"பொத்தான் போச்சு போல" என்றாள் அக்கா. அழுத்திப் பார்த்தாள். வேலை செய்தது. எல்லாப் பொத்தானையும் வரிசையாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, உன் கை ஏன் அங்க இருக்கு? அது உன் பொத்தானே இல்லையே?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் அந்த இரண்டு எழுத்துகள்மேல் சமர்த்தாகப் படுத்திருந்தன. சத்தியமாக நான் வைக்கவில்லை. அதுகளாகவே போய்ப் படுத்திருக்கின்றன. இருபத்தெட்டு வருஷம் கழித்தும் வீட்டுக்கு வழி மறக்காத நாய் மாதிரி. அருவருப்பாக இருந்தது. பல்லியைத் தொட்டது போல என் கையையே உதறினேன்.

"உதறாதே. வை" என்றாள் அக்கா.

வைத்தேன். அவள் தன் பொத்தானை அழுத்தினாள். பச்சை அசையவில்லை.

"எடு."

எடுத்தேன். குதித்தது.

"வை."

குதிக்கவில்லை.

"எடு."

விசிறி மட்டும் இருமியது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்தாள், காலரில் கறை பார்க்கிற மாதிரி.

"அன்னிக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் இந்த நாக்கு, நாலு நாள் ஊறிய துணி மாதிரிக் கிடந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். அந்த டீ நிறத் தண்ணீரில் முகம் சுளிக்காமல் வெறும் கையை விட்டவள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 15, திங்கள்

மகள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மனைவி மட்டும், "சின்ன வயசுல எல்லாரும் ஏதாவது பண்ணியிருப்போம்" என்றாள். அரை மணி நேரம் கழித்து, "ஆனா இருபது சின்ன வயசு இல்லீங்க" என்றாள்.

ஜூன் 17, புதன்

பல் டாக்டர் வாசலில் நிறுத்தி, "என்ன சார், உங்க வீட்டுல சத்தத்தையே காணோம்? ஆட்டம் முடிஞ்சுதா?" என்றார். உன் சொத்தைப் பல்லைப் பார்த்துக்கொண்டு போய்யா.

ஜூன் 20, சனி

அக்காவின் கடைக்குப் போனேன். நீராவியும் கறை எடுக்கும் மருந்து வாடையும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கிற அந்த நாற்றம். ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை எனக்கு. அக்கா யாருடைய கோட்டுக்கோ சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போன ஜோக்கை எடுத்துவிட்டேன்.

"அக்கா, என்னையும் ஊற வெச்சுத் துவைச்சிடேன். சுருங்கினாப் பரவாயில்லை."

"சிரிக்க வைக்காதே." குரல் உயரவில்லை. "இத்தனை வருஷம் நீ எங்களைச் சிரிக்க வெச்சே தப்பிச்சிருக்கே. நானும் முட்டாள் மாதிரிச் சிரிச்சுட்டு இருந்திருக்கேன்."

"இன்னொரு தடவை ஆடலாம்கா. நேர்மையா. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு வேணும்னாலும் ஆடறேன்."

"எதுக்கு? ஜெயிச்சா எனக்கு இருபத்திரண்டு வயசாயிடுமா?"

அவள் கோட்டை மடித்து வைத்தாள்.

"தோத்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்லடா. தோத்தேன்னு நம்பித்தான் உக்காந்தேன். சரி, ஆட்டம் ஆட்டம்தான்னு. ஒருநாள்கூட முணுமுணுக்கலை. அந்தச் சரியையும் நீ திருடிட்டே பாரு, அதான் தாங்கலை." பிறகு, சோபாவுக்கு என்ன துணி என்று கேட்கும் வாடிக்கையாளர் தோரணையில், "உனக்கு லீவு எத்தனை நாள் இருக்கு?" என்றாள்.

"நாப்பது நாள். ஏன்?"

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். கடைச் சாவிக் கொத்தைக் கோட்டின்மேல் வைத்தாள்.

ஜூன் 23, செவ்வாய்

அக்கா துறைமுகத்துக்குக் கிளம்பினாள். ரயில் நிலையத்தில் மகள் அழுதாள், மனைவி அழுதாள். அக்கா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பட்டுத் துணியை வெந்நீர்ல போட்டே, கொன்னுடுவேன்."

ஜூன் 26, வெள்ளி

இன்று கடைக்கு வந்தவை: குழந்தை வாந்தி எடுத்த போர்வை. பூனை மூத்திரம் போன கம்பளம். 'குழம்பு சார்' என்று ஒருவர் அடித்துச் சொன்ன, குழம்பே இல்லாத ஒரு பேண்ட். மனிதர்கள் இவ்வளவு கசிவார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை பின்கட்டுக்கு ஓடினேன். இதை அவள் ஒருநாளும் எங்களிடம் விவரித்ததில்லை. சாப்பிடும்போது, 'கை கழுவிட்டேன், பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்வாள்.

ஜூலை 8, புதன்

கையில் தோல் உரிகிறது. அந்தச் சுண்டுவிரலில்தான் அதிகம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, பத்திலும்தான்.

ஜூலை 19, ஞாயிறு

மகளுக்கு அக்கா ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். பின்னால் கிரேன்கள், கப்பலின் துருப்பிடித்த வயிறு. கழுத்தில் அடையாள அட்டை. சித்தப்பாவின் பழைய ஆபீஸ் அல்ல, அதற்கு எதிர்ப்புறம் வேறொன்று. சரக்குப் பட்டியல் டைப் செய்ய ஆள் வேண்டும் என்று பலகை போட்டிருந்தார்களாம், உள்ளே போய்க் கேட்டாளாம். காற்றில் முடி தாறுமாறாகப் பறக்கிறது. எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை.

"அத்தை எப்ப வருவாங்கன்னு கேட்டேன்" என்றாள் மகள். இப்போதெல்லாம் என்னோடு இரண்டு வாக்கியம் பேசுகிறாள். "சிரிக்கிற பொம்மை மட்டும் அனுப்பினாங்க."

ஜூலை 31, வெள்ளி

லீவு முடிந்தது. காலையில் ஷோரூமுக்குப் போன் செய்து, என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மேனேஜர் நான் வழக்கம்போல ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்து நெடுநேரம் சிரித்தார்.

பத்து மணிக்கு ஒரு அம்மாள் கட்டைப்பையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அக்கா இல்லையா? அவங்ககிட்டத்தான் காட்டணும். கொஞ்சம்... அசிங்கமா இருக்கும். எப்ப வருவாங்க?"

"அவங்க துறைமுகத்துலேயே வேலைக்குச் சேர்ந்துட்டாங்கம்மா. இனிமே நான்தான். வெளிய எடுங்க, பார்க்கலாம்."