தைத்து வந்த பொத்தான்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் பெண்டாட்டி, உன் வாலு மகள் நாலு பேரும் ஆண்டவர் கிருபையில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். ஃபோனில் நான் பேசினால் உன் பெண்டாட்டி இருக்கும் பின்னறை வரைக்கும் கேட்கிறது, அதோடு நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியில் நடுவே வாய் வைக்க முடியாது பார். தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் ஈஸ்டர் வந்துவிடும், அதனால் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். ஓரத்தில் சிவப்பு மை தெரிந்தால் பதறாதே. முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் ஊரார் எழுதின கடிதத்தை எல்லாம் திருத்திய கை, பெண்டாட்டி எழுதியதை மட்டும் சும்மா விடுமா.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்றே நாள். கோயிலில் ஒரு ஆராதனைக்கு முப்பது பேர்தானாம், டோக்கன் கொடுத்திருக்கிறார்கள், நமக்கு இரண்டு வந்திருக்கிறது. பாட்டுக் கூடாது, இசைப்பெட்டி மட்டும் வாசிப்பார்களாம், நாம் மனதுக்குள் பாடிக்கொள்ள வேண்டுமாம். அப்பாவுக்கு இதில் ரொம்ப சந்தோஷம், இனி தன் சுருதியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது என்கிறார். திரைச்சீலை மாட்டும் கம்பி ஒன்று ஆறடி நீளம் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு யார் வந்தாலும் அளந்து நிறுத்துகிறார், பால்காரர் இவரைப் பார்த்தாலே பாக்கெட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு ஓடிப்போகிறார். வீட்டுக்கு முன்னால் நட்சத்திரம் கட்டியாயிற்று, போன வருஷ பல்புதான், ஒரு முனை எரியவில்லை, கடை திறந்திருக்கும் நேரத்தில் வரிசையில் நிற்க என் காலில் தெம்பு இல்லை, நாலு முனை எரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். வீடு வீடாகக் கொடுக்க முடியாததால் கேக் பாதி அளவுதான். உன் மகள் தேவதூதன் வேஷம் போட்டுக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் நின்று நாலு வரி சொல்ல வேண்டும், ஞாயிறு பள்ளி டீச்சர் எல்லாப் பிள்ளைகள் படத்தையும் ஒட்டவைத்து அனுப்புவாராம். "பயப்படாதிருங்கள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இவள் ஒவ்வொரு தடவையும் "பயப்படாதிருங்கள், கை கழுவுங்கள்" என்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

நான் பண்ணிய கூத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் மகள் போட்டுக் கொடுத்துவிடுவாள். பரண் மேலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை இறக்கினேன். எட்டு மாசமாக வெளியிலிருந்து வருவது, மேலிருந்து வருவது எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பழகிய கை, காய்கறி, சாவிக்கொத்து, அப்பாவின் செருப்பு எதையும் விட்டதில்லை. அதே வேகத்தில் பொம்மைகளையும் ஒரு வாளி வெந்நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் தண்ணீர் கதம்ப நிறத்தில் இருக்கிறது, மூன்று ராஜாக்களுக்கும் மூஞ்சி இல்லை. கண் போச்சு, மூக்குப் போச்சு, மீசை போச்சு, மூன்று பேரும் வெள்ளையாக மாவு பிசைந்து வைத்த மாதிரி நிற்கிறார்கள். என் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்த பொம்மைகள் அவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன் மகள் வேறு, ராஜாக்களுக்குக் காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பின்னறை ஜன்னலிலிருந்து உன் பெண்டாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், "விடுங்க அத்தை, இந்த வருஷம் யாரு மூஞ்சி வெளியில தெரியுது, அவங்களும் மாஸ்க் போட்டுக்கட்டும்" என்றாள். மறுநாள் அவள் வேலைக்குப் போகும் முன் ஜன்னல் விளிம்பில் ஒரு காகிதத்தில் மூன்று குட்டி மாஸ்க் காய்ந்துகொண்டிருந்தது, என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, காதில் மாட்ட நூல் கூட வைத்துத் தைத்திருக்கிறாள். இப்போது ராஜாக்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு பாலன் இயேசுவுக்கு ஆறு அங்குலம் தள்ளி நிற்கிறார்கள், அப்பா அடிக்கோலால் அளந்து வைத்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. உன் பெண்டாட்டியைப் பற்றித்தான் இந்தக் கடுதாசியே. அவள் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்கு ஃபோனில் பாதிதான் தெரியும். பத்து நாள் வேலை, அந்தப் பத்து நாளும் பின்னறைதான், வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள், பிறகு பரிசோதனை பார்த்து நாலு நாள் எங்களோடு. சாப்பாட்டை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக எடுத்துக்கொள்வாள். உன் மகள் கண்ணாடியில் கையை வைத்தால் அவளும் அந்தப் பக்கத்திலிருந்து கையை வைப்பாள், அவ்வளவுதான் தாய்க்கும் பிள்ளைக்கும். ஒரு நாள் கூட அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வார்டிலிருந்து வரும் விரிப்பு, போர்வை, கவுன் எல்லாம் சிவப்புப் பையில் கட்டி இவள் சலவைக்கூடத்துக்குத்தான் வருகிறது, இவளுக்குக் கீழே பதினோரு பெண்கள். அந்தக் கொதிக்கிற அறையில் பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம். பதினோரு பேரில் ஒருத்திக்குக்கூட இதுவரை நோய் ஒட்டவில்லை, காரணம் கைகழுவும் இடத்தில் இவள் தானே முதலில் நின்று கழுவிக் காட்டுவாளாம், கடைசி ஆள் போகும் வரை நகர மாட்டாளாம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, சொந்தக்காரர்கள் கேட்டால் மருமகள் ஆஸ்பத்திரியில் நிர்வாகத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவந்தேன். சலவை என்ற வார்த்தை என் வாயில் வராது. எனக்கு அவ்வளவு கௌரவம்.

முந்தாநாள் சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும், இதுவரை பார்த்ததில்லை. அப்பா கம்பியோடு போனவர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுக் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். துணி மடிச்சுக் கொடுக்கிற அம்மா வீடு இதுதானா, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அடையாளம் சொன்னார் என்றாள். அவள் வீட்டுக்காரர் போன மாசம் அந்த வார்டில் இறந்துபோனாராம், லாரி மெக்கானிக். முகம் பார்க்க விடவில்லையாம், தூரத்திலிருந்து பார்த்ததுதான். பத்து நாள் கழித்து அவர் போட்டிருந்த துணியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். விதிப்படி கிருமி போகத் துவைத்து ஒரு பையில் கட்டிக் கொடுத்தால் போதும், வேறு எங்கேயும் அப்படித்தான். வாசலில் நின்ற இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது சலவை செய்து, இஸ்திரி போட்டு, மடித்து, காகிதத்தில் சுற்றின சட்டை. கிரீஸ் கறை கூடப் போயிருந்ததாம். அதைச் சொல்லும்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள், அடுத்ததைச் சொல்லும்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சட்டையில மேலேர்ந்து மூணாவது பொத்தான் இல்லம்மா. தைச்சுக் கொடு தைச்சுக் கொடுன்னு ரெண்டு மாசமா கேட்டாரு, நான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்தேன். அப்படியேதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. இப்ப பொத்தான் தைச்சு வந்திருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள். மகனே, ஆறடி தள்ளி நின்று ஒருத்தி அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல ஒரு கொடுமை கிடையாது, தோளைத் தொட முடியவில்லை, கையைப் பிடிக்க முடியவில்லை, அப்பாவும் நானும் எங்கள் பக்கத்தில் நின்று அழுதோம். உங்க மருமகதானே என்று அவள் கேட்டபோது ஆமாம், என் மருமகதான், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்க்கிறா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

அன்றைக்கு உன் பெண்டாட்டி வந்து குளித்து முடித்ததும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எட்டு மாசமாக இதைச் செய்துவருகிறாளாம், எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு அரைமணி நேரம் இருந்து இஸ்திரி போடுகிறாள், ஒரு பழைய டப்பா நிறையப் பொத்தான் வைத்திருக்கிறாள், எல்லா நிறத்திலும். எதற்கம்மா இவ்வளவு என்றேன். "இதென்ன அத்தை பெரிய வேலை. பையில கட்டி நீட்டினா அது ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கு. மடிச்சுக் கொடுத்தா அவங்க வீட்டுச் சட்டையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கேக்குக்குப் பழம் ஊறவைத்தீர்களா என்று கேட்கிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரு தடவை அவளைக் கட்டிக்கொண்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை. கட்டிக்கொள்ளலாம் என்று இருந்த நாளெல்லாம் விட்டுவிட்டு இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் ஃபோனில் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். குடும்பம் முக்கியம் என்றால் புதுவருஷத்துக்குள் வேலையை விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறாய். அவள் எதிர்த்துப் பேசவில்லை. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் எழுதி, மாமா இதுல தப்பு இருக்கான்னு பாருங்க, கிறிஸ்துமஸ் அன்னைக்கு வேலைக்குப் போகும்போது கொடுத்துடறேன் என்று ஜன்னல் வழியாக அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வாங்கியவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார், ஒரு சிவப்புக் கோடு போடவில்லை. ஏன் என்று கேட்டால், இதைத் திருத்த என் பேனாவால ஆகாது, நீ அவனுக்கு எழுது என்றார். ஏன் என்னை எழுதச் சொன்னார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மே மாசத்தில் உன்னைக் கூப்பிட்டு, ஊரார் அழுக்கையெல்லாம் துவைத்துவிட்டு வந்து என் பேத்தி இருக்கும் வீட்டில் நுழைகிறாள், நீ அனுப்புவது போதாதா, அவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டது நான்தான். ஒரு தடவையா, வாரா வாரம் ஓதினேன், அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நீ மட்டும் எப்படி நகராமல் இருப்பாய். என் வாயிலிருந்து கிளம்பிய வார்த்தைதான் உன் வாய் வழியாக அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது என்னுடையது என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ, தெரிந்திருந்தும் என் ராஜாக்களுக்கு மாஸ்க் தைத்துக் கொடுத்தாள் என்றால் நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பேன்.

உன் பயம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் வர அரைமணி நேரம் தாமதமானால் நானும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எட்டாத தூரத்தில் இருக்கிற உனக்கு எப்படி இருக்கும். ஆனால் விடுவதென்றால் அவள் அலுத்துப்போய் விடட்டும், நாம் நெருக்கி விட வைக்க வேண்டாம். நான் சொன்னதை எல்லாம் நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நீயும் உன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள். அவளிடம் நானே நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அதற்கு உன் சிபாரிசு தேவையில்லை.

வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் அன்று அவளுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை. கோயில் டோக்கன் இரண்டையும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கும் அவர் அக்காவுக்கும் கொடுத்துவிட்டோம். சாப்பாட்டு மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் அவள் ஜன்னலுக்கு நேரே போடப்போகிறோம், அப்பா இடம் அளந்துவிட்டார். அவள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவாள், நாங்கள் வெளியே, ஜெபம் மட்டும் சேர்ந்து பண்ணலாம். சாப்பிட்டு எழுந்ததும் அவள் அப்பாவிடம் அந்தக் கடிதத்தைக் கேட்பாள். கேட்டால் கொடுத்துவிடுவார், அவள் எழுதியதை ஒளித்துவைக்க நமக்கு உரிமை இல்லை. அதற்கு முன்னால் உன் ஃபோன் வந்தாக வேண்டும். மறந்துவிடாதே, நம் நேரத்துக்குப் பதினொரு மணி, அங்கே என்ன மணி என்று பார்த்து இப்போதே அலாரம் வைத்துக்கொள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பேசாதே, படத்தில் பார்த்தேன். ஃபோனில் நீ நிறையப் பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், அவளுக்கு நேரமாகும். வேலையை விட்டுவிடு என்று சொன்ன அதே வாயால் "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லு, அது போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா.