பாப்பாவின் காது

ஜனவரி 6, சனி

மன்னித்துக்கொள் ரூத், இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு. பகலில் கை ஒழியவில்லை. ஹாஸ்டலில் பேசிக்கொண்டபடி, மனதில் பட்டதை அன்றன்று எழுதி மாதக் கடைசியில் தாள்களை உனக்கு அனுப்புகிறேன். உன் வைத்தியப் படிப்புக்கு நடுவே நீயும் அப்படியே செய்யவேண்டும். யாரும் பார்க்காதது போல் எழுதுவது என்று ஒப்பந்தம். ஆகவே இலக்கணம் எப்படியோ போகட்டும்.

குளிர். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. கால் வீக்கம், வலது கொஞ்சம் அதிகம்.

அம்மா வரப்போவதில்லை. பிளேக் பயத்தில் பௌரிங்பேட்டையில் ரயிலை நிறுத்தி ஒவ்வொருவரையும் பரிசோதிக்கிறார்களாம். நோய் இல்லை என்ற பிளேக் சீட்டு இல்லாதவர்களைக் கொட்டகையில் இருத்திவிடுகிறார்கள். நான் வேலூர் போவதற்கும் அதே தடை. தலைப்பிரசவம், தாய்வீடு இல்லை. தங்கச் சுரங்க ஊரான இந்த ஊரிகத்தில்தான்.

தயாராக இருப்பவை: அவருடைய பழைய வேட்டிகள், வெந்நீரில் அலசியது. கத்தரிக்கோல், நூல், இரண்டையும் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தாய். விளக்கெண்ணெய், சுக்கு, ஓமம், வசம்பு. ஒரு மூட்டை அடுப்புக்கரி. சட்டை மூன்று, ஒன்றுக்குக் கை வைத்துத் தைக்கவில்லை. தைரியம் இன்னும் வந்து சேரவில்லை.

ஜனவரி 8, திங்கள்

காற்று. உலர்த்திய துணியெல்லாம் மண்.

பக்கத்து வீட்டு முனியம்மா வந்து முதுகில் எண்ணெய் தேய்த்தாள். "இன்னாத்துக்கு டீச்சரம்மா பயப்படறே? நானு நாலு பெத்தேன், நாலும் இந்த லைன் வூட்லதான். கடைசி ஒண்ணு பொறந்தன்னிக்கே எழுந்து களி கிண்டினேன்." பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று மாதமாகியும் இவளுக்கு நான் டீச்சரம்மாதான்.

அவள் பேசுவதே கத்தல். புருஷன் ஏழுமலை நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை துளைக்கிற ஆள். வெடிச் சத்தத்தில் இரண்டு காதும் மந்தம். அவரிடம் கத்திக் கத்தி ஊராரிடமும் அதே குரல். இங்கே எல்லாருமே கொஞ்சம் உரக்கத்தான் பேசுகிறார்கள். மில்லில் தங்கக் கல்லை இடிக்கும் இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் ஓய்வதில்லை, ஓய்வுநாளிலும்கூட. என் குரல் யாருக்கும் எட்டுவதில்லை. "எலி மாதிரிப் பேசறியே" என்கிறாள் மு. (இனி மு. என்றே எழுதுகிறேன்.)

ஜனவரி 15, திங்கள்

பெண். வியாழன் விடியற்காலையில்.

அதைப் பற்றி எழுத இப்போது தெம்பில்லை. எல்லாம் நேராக நடந்தது. மிஷன் மருத்துவச்சி நல்லவள், அதட்டல் மட்டும் ஜாஸ்தி. நான் ஆங்கிலத்தில் ஜெபம் செய்தேனாம். மு. எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்: "அம்மான்னு கத்தாத பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்."

குழந்தையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீர், சேனை, மு. கையால். வைக்கிறவர் குணம் வருமாம். "என்ன மாதிரி வாயாடியா வருவா பாரு." நான் நம்புவதில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை.

கறுத்த முடி. மேலுதட்டில் பால் கொப்புளம். பெயர் இன்னும் இல்லை, பாப்பாதான்.

மு. வீட்டுப் பொங்கல் வந்தது. நான் பத்தியம். பூண்டுக் குழம்பு, கருவாடு, மறுபடி பூண்டு. பொங்கலில் இரண்டு பங்கையும் அவரே தின்றார்.

ஜனவரி 22, திங்கள்

பாப்பா தூங்குகிறாள். பால் குடிக்கிறாள். மறுபடி தூங்குகிறாள். தங்கமான பிள்ளை என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும். மார்பில் புண், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன்.

இன்று பிற்பகல் பூமிக்குள் எங்கோ பாறை வெடித்தது. அடிக்கடி நடப்பதுதான், ஆனால் இது பெரியது. வீடே ஒரு முறை தூக்கிப் போட்டது. அலமாரியிலிருந்து பித்தளைச் செம்பு விழுந்து கதவுவரை உருண்டது. லைன் பெண்களெல்லாம் வாசலில். "எந்த ஷாப்டு குழி? யாரு ஷிப்டு?" கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

மு. மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தூளியை எட்டிப் பார்த்தாள். பாப்பா போட்டபடியே.

"இம்மாஞ் சத்தத்துக்கு அசையவே இல்லியே டீச்சரம்மா. காது கேக்குதா பாத்தியா?"

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். செம்பை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதுவரை எனக்கு அந்த நினைப்பே இல்லை ரூத்.

ஜனவரி 24, புதன்

கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். கை தட்டிப் பார்த்தேன். தூக்கத்தில் ஒன்றும் இல்லை. விழித்திருக்கும்போது என் முகத்தையே பார்க்கிறாள், தட்டுவது கேட்டுப் பார்க்கிறாளா, முகத்தைப் பார்க்கிறாளா? தெரியவில்லை.

மு. வெண்கலத் தாம்பாளமும் கரண்டியுமாக வந்தாள். தலைமாட்டில் ஒரு அடி. பாப்பா கண்ணை இறுக்கினாள்.

"பாத்தியா, கேட்டுட்டா."

"தட்டு ஆடின காத்து மேல பட்டிருக்கும். தள்ளி நின்னு அடிங்க."

அடுப்படியிலிருந்து அடித்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் பலமாக. எதிர்வீட்டிலிருந்து "யாரு வூட்ல இன்னா விசேஷம்?" என்று ஒரு குரல். பாப்பா கொட்டாவி விட்டாள்.

மு. தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நானு சேனை வச்சிருக்கக் கூடாது. செவிட்டு ஆளோட குடும்பம் பண்ற கை. அது ஒட்டிக்கிச்சோ இன்னாவோ." இதெல்லாம் மூடநம்பிக்கை, மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றேன். அவள் போன பிறகு நானே போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 27, சனி

தூக்கமில்லை. பாப்பாவால் இல்லை.

காது கேளாத குழந்தைக்குப் பேச்சும் வராது. எழுத்துச் சொல்லித்தரலாம், படம் எழுதி, பொருளைக் காட்டி, உதட்டைக் காட்டி. சென்னையில் யாராவது கற்பிக்கிறார்களா? நீ விசாரிக்க முடியுமா? பாட்டு தெரியாது அவளுக்கு. கோயிலில் ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்திருக்கும்போது பார்த்துப் பார்த்து எழுந்திருப்பாள். இப்படியே போகிறது புத்தி. நிறுத்த முடியவில்லை.

அவரிடம் சொன்னேன். சுரங்க ஆபீஸில் ஆட்களின் வருகை எழுதுகிற வேலை, எதையும் நிதானமாகவே கேட்பார். "பொறந்து மூணு வாரம்கூட ஆகல. அதுக்குள்ள பரீட்சை வைக்கிறியா? பெயிலா போனா என்ன பண்ணுவே, வகுப்பிலேருந்து எடுத்துடுவியா?" சிரித்தார். எனக்குக் கோபம்.

பிறகு குளித்துவிட்டு வந்தபோது கதவிடுக்கில் பார்த்தேன். தூளிக்குப் பின்னால் நின்று ஆபீஸ் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தார். மறுபடி குலுக்கினார். நான் சத்தமில்லாமல் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபம் போயிற்று, பயம் இரட்டிப்பு.

அம்மாவுக்கு இதை எழுதவில்லை, எழுதியது இவ்வளவுதான்: "குழந்தை சௌக்கியம், நன்றாகத் தூங்குகிறது." பொய் இல்லையே.

மாதக் கடைசிக்குத் தாள்களை அனுப்ப மனமில்லை. உன் பதிலைப் படிக்கப் பயம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நடந்தபடியே எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

அவர் கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பாப்பா தூளியில். நான் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெயில். மில் நின்றது.

உனக்கு எப்படிச் சொல்வது? இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். அது நின்று நான் அறியேன். ஏதோ கீழே விழப்போகிறது போல இருந்தது. என் கை துணியிலேயே நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்தார். எங்கோ கோழி. யாரோ தண்ணீர் ஊற்றுவது. மு. வீட்டுக்குள் ஏழுமலையின் குறட்டை, சுவரைத் தாண்டி, அதை நான் கேட்டதே இல்லை.

பாப்பா அலறினாள்.

பசி அழுகை இல்லை, ஈர அழுகை இல்லை. திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முகம் சிவந்து. யாரும் தொடவில்லை, தூளி ஆடவில்லை. ஓடி எடுத்தேன். பால் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். அவர் வாங்கி நடந்தார். நிற்கவில்லை.

மு. ஓடி வந்தாள். "மில்லுல பெரிய பெல்ட்டு அறுந்துடுச்சாம், ஆளுக்கு ஒண்ணுமில்ல." பிறகு பாப்பாவைப் பார்த்தாள். "இன்னாச்சி? எறும்பு கடிச்சிதா?"

அவர்தான் சொன்னார், மெதுவாக, மில் இல்லாமல், அழுகைக்கு நடுவிலும் அதுவே போதும். "சத்தம் நின்னது இவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் பாப்பாவின் தலைக்குப் பின்னால் போய் நின்றேன், அவள் என்னைப் பார்க்க முடியாதபடி. "பாப்பா" என்றேன், என் எலிக் குரலில். அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்தபடி. கண் பக்கவாட்டில் போயிற்று, என் பக்கம். மறுபடி சொன்னேன். தலையும் கொஞ்சம் திரும்பிற்று. பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

அவர் சாவிக்கொத்தை எடுக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மு. கீழே உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "அடிக் கள்ளி. வவுத்துல இருக்கசொல்லோ கேட்ட மில்லுடி இது, வேற சத்தத்துக்கு நீ எதுக்கு அசைவே? உங்கம்மா குரலு அந்த இரைச்சல்ல உனக்கு எங்க கேக்கப் போவுது? நானு வேற தாம்பாளத்த நெளிச்சுட்டேன்."

சாயங்காலம் வரை அழுதாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உலக்கைகள் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு எல்லாம் சேர்ந்து. பாப்பா ஒரு தேம்பல், அரைத் தேம்பல், தூக்கம்.

நான் அதற்குப் பிறகுதான் அழுதேன்.

பிப்ரவரி 10, சனி

பத்தியம் தளர்ந்தது. இன்று கத்தரிக்காய். கால் வீக்கம் வடிந்தது, பழைய செருப்பு நுழைகிறது.

இப்போது எல்லாரையும்விட உரக்கப் பேசுகிறேன். பாப்பா திரும்புகிறாள், சில சமயம். திரும்பாதபோது இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கிறேன், அது இனி எப்போதும் இருக்கும் போல. பெயர் முடிவாகிவிட்டது, ஞானஸ்நானம் வேலூரில். பிளேக் சீட்டு கிடைத்துவிட்டது ரூத். அம்மாவின் கடிதம் நாலு பக்கம், வீட்டையே வெள்ளையடித்திருக்கிறாளாம். வருகிற சனிக்கிழமை புறப்பாடு.

அதில்தான் தொந்தரவு. அம்மா வீடு இருக்கும் தெரு உனக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்குமேல் இலை விழுந்தால் கேட்கும். இந்தப் பெண் அங்கே எப்படித் தூங்குவாள்? அவர், "உங்க அம்மாவ ராத்திரி பூரா நெல்லு குத்தச் சொல்லு" என்கிறார். மு. தன் புருஷனைக் கூட அனுப்புகிறாளாம். "அவரு கொறட்டையில அரை மில்லு கீது, எடுத்துகினு போ."

அம்மா ஒரு மாதமாகக் காத்திருக்கிறாள். மடியில் போட்டதும் அலறினால், தன் கைதான் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு இந்தக் கதையெதுவும் தெரியாது.

எல்லாத் தாள்களையும் இன்றே தபாலில் போடுகிறேன், ஜனவரித் தாள்களில் கேட்டதை விட்டுவிடு. இது ஒன்றுக்கு மட்டும் உன் புத்தகங்களில் பார், அல்லது வார்டில் வயதான நர்ஸ் யாரையாவது கேள்: சத்தத்தில் வளர்ந்த குழந்தையை அமைதிக்குப் பழக்குவது எப்படி? ஒரு வரி போதும். சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி பதில் போடு.