பழுக்காத கட்டி

1986 ஜன. 8, புதன்

மூடுபனி. களத்தில் காப்பிக்கொட்டை காயவே இல்லை. எஸ்டேட் ரைட்டர் வேலை, கணக்கெழுத்து, இன்றும் நாற்காலியிலேயே. இடது தொடை இடுக்கில் கட்டி, இப்போது எலுமிச்சை அளவு. அடைத்த ரத்தக்குழாய்க்குப் பதிலாக முன்பு சென்னையில் துணிக்குழாய் வைத்துத் தைத்தார்களே, அதே இடம். டெரிலின் ஜாதித் துணியாம். சட்டையாக இருந்தால் சாயம்கூடப் போயிருக்காது.

என் வீட்டுக்காரி செல்லம்மா கேழ்வரகுக் களி கிண்டி, சூட்டோடு வைத்துக் கட்டினாள். மூன்று வாரமாக இதே. எங்கள் கரடியூரில் எந்தக் கட்டிக்கும் முதலில் களி, பிறகுதான் டாக்டர்.

"பழுத்து ஒடைஞ்சா சரியாப் போயிருமுங்க."

சீழாக இருந்தால் தேவலை. சீழுக்கு மருந்து உண்டு.

10, வெள்ளி

சேலம். பஸ் வளைவுக்கு வளைவு உயிர் போயிற்று. டாக்டர் ஊசி குத்தி உறிஞ்சினார். சீழ் இல்லை, வெறும் ரத்தம். களி விஷயம் சொன்னதும் கத்தினார். "இனிமே சூடு கீடு வெச்சீங்கன்னா..." செல்லம்மா வெளியே பெஞ்சில். நல்லவேளை. கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

அவளிடம், "கொஞ்ச நாளைக்குக் களி வேண்டாம்" என்று மட்டும்.

பஞ்சு, ஜுர மாத்திரை வாங்கியாயிற்று. பொங்கலுக்கு வெல்லம் மறந்துபோயிற்று.

15, புதன்

பொங்கலுக்குச் சர்க்கரைதான் போட்டாள். நன்றாகவே இல்லை. ஜுரம். கால்விரல் இரண்டு கறுத்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள்:

"ரைட்டரய்யா கால் போச்சுதாமா?"

"காலு மட்டுமா..."

காது மட்டும் பிரமாதமாக வேலை செய்கிறது எனக்கு.

24, வெள்ளி

எஸ்டேட் ஜீப்பில் தனியாகச் சேலம். புற்று. துணிக்குழாயை ஒட்டியே முளைத்திருக்கிறதாம். உலகத்திலேயே யாரோ சிலருக்குத்தான் இப்படி வந்திருக்கிறது என்றார் டாக்டர். பெரிய பெருமை. நெஞ்சுப் படத்திலும் புள்ளிகள்.

"காலை எடுத்துட்டா?"

"பிரயோஜனமில்லைங்க."

களியால் வந்ததா என்று கேட்டேன். இல்லையாம்.

பயமாக இருக்கிறது. வீட்டில், ரிசல்ட் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

25, சனி

நல்ல வெயில். களம் நிறையக் கொட்டை. வலி தாங்கவில்லை. செல்லம்மா கட்டிலருகே நின்று அழுதாள்.

"நடுவுல களிய நிறுத்திப்போட்டேனுங்க. அதானுங்க பழுக்கல. எல்லாம் என்னாலதான்."

அவளால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னே எதனால் என்று கேட்பாளே.

அடுப்பில் களி கொதிக்கும் வாசனை. கிண்ணமும் துணியுமாக வந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குக் கட்டட்டுங்களா?"

காலை நீட்டினேன்.