புதுக் காரின் முகப்பில் புற்றுமண்

சுமதி அப்பா கவனத்திற்கு,

ராயகிரியில் நடக்கும் வளைகாப்புக்காக ஒன்பது மணிப் பேருந்தில் புறப்படுகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் உள்ளது. சட்னியை எடுத்தபின் மூடி வைக்கவும்.

காரைத் துடைக்க வேண்டாம். நேற்றுப் பூசை முடிந்ததும், கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் புதுக் காரின் முகப்பில் நீங்கள் பூசியபோது, பெயிண்ட் பாழாகிவிடும் என்று தெருவறியச் சண்டையிட்டேன். “ஏட்டி, சாமி மண்ணு. ஒருநா கெடக்கட்டும். நாளைக்கு நல்லா தண்ணி ஊத்தி, ஊறவச்சுக் கழுவுதேன்” என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை நீங்கள் எழுமுன், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். மண்ணிலிருந்த மணல் உராய்ந்து, விரல் நீளத்திற்கு ஒரு கீறல் விழுந்துவிட்டது. நீங்கள் சொன்னதே சரி. இதை எழுத்தில் தருகிறேன். சுமதியிடம் காட்ட வேண்டாம்.

பத்து மணிக்கு என் தம்பி கார் பார்க்க வருவான். காப்பி கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

நிர்மலாதேவி

பி.கு.: காரின் அந்தக் கருநீலம் வெயிலில் அழகாகத்தான் இருக்கிறது.

மற்றொன்று: மீதியிருந்த புற்றுமண்ணைக் குழைத்துக் கீறலின் மேல் பூசியிருக்கிறேன். தம்பி கேட்டால், அக்கா பக்தியோடு பூசியது என்று சொல்லுங்கள்.