கையுறைக்குப் போட்ட பவுடர்

28 ஜனவரி 1952, திங்கள்

ஓட்டுப் போட்ட மை இன்னும் விரலில் இருக்கிறது. தினம் மூன்று தடவை முழங்கை வரை பிரஷ் போட்டுத் தேய்க்கிற எனக்கே போகவில்லை. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "சிஸ்டர் ஞானம், யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். ஆபரேஷன் தியேட்டரில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாதா?

இன்று கிளவுஸ் முப்பது ஜோடி. கழுவி, ஒவ்வொன்றாக ஊதித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை இருக்கிறதா பார்த்து, காயவைத்து, உள்ளும் புறமும் பவுடர் போட்டு, துணியில் மடித்து ஆவிப் பெட்டியில் வைத்தேன். மற்ற நர்ஸுகள் தயார் செய்தது டாக்டர் கையில் பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கும். நான் செய்தது வழுக்கிக்கொண்டு போகும். தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மத்தியானம் ஒரு சின்ன வேலை. சபீஹா என்ற பெண், வண்ணாரப்பேட்டை லுங்கிக் கடை அமீருதீனின் மனைவி. போன ஜூனில் இங்கேதான் வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்தோம். இப்போது அந்தத் தழும்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. அதில் சின்னக் கண் வைத்து நீர் கசிகிறது. ஒரு துண்டு வெட்டி லாபுக்கு அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும், "சிஸ்டரம்மா, மயக்கம் குடுக்குற வரிக்கும் எங்கையப் புட்ச்சிக்கினு இருந்தது நீங்கதான?" என்றாள். ஏழு மாதப் பையன் அலி அக்பர் மாமியார் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தான்.

2 பிப்ரவரி, சனி

சபீஹாவின் ரிப்போர்ட் வந்தது. லாபுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் அருள்பிரகாசம் எழுதியிருக்கிறார்: நாள்பட்ட வீக்கம், டி.பி.யாக இருக்கலாம், உறுதியில்லை. வெட்டிய துண்டை அரைத்து ஒரு கினிப்பன்றிக்கு ஊசியாகப் போட்டிருக்கிறேன், டி.பி. என்றால் ஆறு வாரத்தில் அதற்கும் வரும், அதுவரை பொறுக்கவும்.

பெரிய டாக்டர் டி.பி. என்ற இடம் வரைக்கும்தான் படித்தார். ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாமியார் ரஹீமுன்னிசா அங்கேயே, வராந்தாவிலேயே, குழந்தையைச் சபீஹாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "எம்பொண்ணு ஜன்னத்த இந்தச் சீக்குக்குத்தான் வாரிக் குட்த்தேன். இத்தயும் குடுக்க மாட்டேன்" என்றாள். சபீஹா கல்மண்டபத்தில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டுமாம். பிள்ளைக்கு டின் பாலாம்.

கோபமாக வந்தது. ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

3 பிப்ரவரி, ஞாயிறு

பூசை. மாதா கோயிலில் பிரசங்கம் நீளம். கால் வலி.

12 பிப்ரவரி, செவ்வாய்

சபீஹா தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கு நடந்தே வருகிறாள். "காதுல விசிலு ஊதிக்கினே கீது சிஸ்டரம்மா" என்கிறாள். அந்த மருந்து சில பேருக்குக் காதைக் கெடுக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது, ரவிக்கை நனைந்துபோகிறது. துணியை வைத்து இறுக்கிக் கட்டு என்றேன்.

"கட்டுனா பாலு நின்னுடுமா?"

"நின்னுடும்."

"அப்ப வேணாம். சீக்கு போனப்புறம் அவனுக்குக் குடுக்கோணுமே."

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நல்ல நர்ஸ்!

18 பிப்ரவரி, திங்கள்

டாக்டர் அருள்பிரகாசம் லாபுக்கு வரச் சொன்னார். இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார் என்கிற ஒரே ஆள் அவர்தான். வாய் ஓயாது, ஆனால் பேச்சில் விஷயம் இருக்கும்.

சபீஹாவின் துண்டு. முதலில் ஒன்றும் புரியவில்லை. ரோஜா நிறமும் ஊதாப் புள்ளிகளும். அவர் சொல்லச் சொல்லத்தான் கண் பிடிபட்டது. ஓரம் முழுக்கக் கடுகு சிதறியதுபோல் சின்ன உருண்டைச் செல்கள். நடுவில் வெளுத்த பெரிய செல்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ராட்சசன், ஒரே உடம்புக்குள் இருபது முப்பது கரு.

"வெளியிலேர்ந்து வர்றதை விழுங்குறதுதான் இந்தப் பெரிய செல்லுக்கெல்லாம் வேலை சிஸ்டர்" என்றார். "விழுங்கிக் கரைக்க முடியலேன்னாலும் விட்டுட்டுப் போகாது. பல செல்லு சேர்ந்து ஒரே ராட்சசச் செல்லா ஆயிடும். மத்ததெல்லாம் சுத்தி நின்னு மாசக்கணக்கா காவல் காக்கும். அந்தக் காவல் கூட்டம்தான் வெளியில நமக்குக் கட்டியாத் தெரியுது. டி.பி. கிருமி வந்தாலும் இப்படித்தான் ஆகும்."

"அப்போ டி.பி.தானே?"

"அங்கதான் இடிக்குது. டி.பி.ன்னா ராட்சசச் செல்லோட கரு எல்லாம் ஓரமா லாடம் மாதிரி வரிசையா நிக்கணும். இதுல கண்டபடி கிடக்கு. நடுவுல தயிர்க்கட்டி மாதிரி செத்துப்போன இடம் இருக்கணும். இல்லை. கிருமியைக் காட்டுற சிவப்புச் சாயம் போட்டு நாலு நாள் தேடினேன். ஒண்ணு கூட இல்லை."

"பின்னே எதை விழுங்கப் பாக்குது?"

"அதுதான் எனக்கும் தெரியணும்" என்றார்.

21 பிப்ரவரி, வியாழன்

தெரிந்துவிட்டது.

டாக்டர் அருள்பிரகாசம் மூர் மார்க்கெட்டில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்திருந்தார், சண்டைக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய் விட்டுப்போனது; ஒரு வாக்கில் வரும் வெளிச்சத்தை மட்டும் விடுகிற கண்ணாடியாம். அதன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி, ஒன்றை ஸ்லைடுக்குக் கீழே, ஒன்றை மேலே வைத்து மெதுவாகத் திருப்பினார். எல்லாம் இருட்டாகிவிட்டது. ராட்சசச் செல்லுக்குள் மட்டும் வெள்ளையாக ஊசி ஊசியாக மின்னியது. பக்கத்துச் செல்லிலும். அதற்குப் பக்கத்திலும்.

"கல்லு" என்றார். "மாக்கல். கல்சட்டி செய்வாங்களே, அந்தக் கல்லோட பொடி. உடம்பால கரைக்கவே முடியாது. வெளிநாட்டுப் பத்திரிகையில படிச்சிருக்கேன்." பிறகு தயங்கி, "சிஸ்டர், கிளவுஸுக்கு என்ன பவுடர் போடுறீங்க?"

நான் போய் டின்னை எடுத்து வந்தேன். ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்தார். அதே மின்னல்.

22 பிப்ரவரி, வெள்ளி

மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

பழைய மேட்ரன் காலத்தில், கிளவுஸ் மாட்டியதும் கொதித்து ஆறிய தண்ணீரில் கையை அலசிவிட்டுத்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார். அதற்கென்று ஒரு பேசின் இருந்தது. போன வருஷக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். பேசினை எடுத்தது நான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மழை பெய்த பிறகும் திரும்ப வைக்கவில்லை. வெயிலுக்குக் கை வேர்க்கிறது, கிளவுஸ் ஒட்டுகிறது என்று பெரிய டாக்டர் சத்தம் போட்டாரே, அதற்காகப் பவுடரையும் இரண்டு மடங்காக்கினேன். அவர் பாராட்டினார். நான் பூரித்துப்போனேன்.

அந்தக் கையோடுதான் சபீஹாவின் வயிற்றுக்குள் போனார்கள்.

எத்தனை வயிறு? டாக்டர் அருள்பிரகாசத்தைக் கேட்டேன். எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்குத்தான் என்றார். சிலர் என்றால்? மைக்ராஸ்கோப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

சபீஹாவிடம் இப்போதே சொல்லிவிடலாமே என்றேன். "பவுடர் இருக்கிறதனால டி.பி. இல்லேன்னு ஆயிடாது. ரெண்டும் சேர்ந்து இருந்தா? கைக்குழந்தை சமாச்சாரம். கினிப்பன்றி என்ன சொல்லுதுன்னு பார்த்துடுவோம்." நியாயம்தான். இன்னும் பதினேழு நாள்.

காலையில் பேசினைத் திரும்ப வைத்தேன். பெரிய டாக்டர், "என்ன இது?" என்றார். "அலசுங்க சார்" என்றேன். அலசினார்.

27 பிப்ரவரி, விபூதிப் புதன்

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தெரியாமல் செய்தது பாவமாகாது என்று சாமியார் சொல்லி, அருள் நிறைந்த மரியே மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை. நான் தப்பு செய்தது ஆண்டவர் வயிற்றில் இல்லையே.

என் வீட்டுக்காரர் ஜேக்கப்பிடமும் சொன்னேன். ஹார்பரில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டுகிற மனுஷன், நாலு பேர் வேலை போனதைப் பார்த்தவர். "வாய மூடிக்கினு கம்முனு இரு. வேல பூடும்" என்றார். என் மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொல்கிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

6 மார்ச், வியாழன்

சபீஹாவுக்குப் பால் நின்றுவிட்டது. அவளே வந்து சொன்னாள், ஏதோ பஸ் போய்விட்டது என்கிற மாதிரி.

10 மார்ச், திங்கள்

கினிப்பன்றியை அறுத்துப் பார்த்தார்கள். ஈரல், மண்ணீரல் எல்லாம் சுத்தம். கொழுகொழுவென்று இருந்தது. "டி.பி. இல்லை சிஸ்டர்" என்றார் டாக்டர்.

லாப் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தொரு வயதில் இப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. உள்ளே வயிற்றிலும் பவுடர் இருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம். தொந்தரவு குடுக்காமலேயும் இருக்கலாம். தெரியலை" என்றார். பொய் சொல்லாததற்கு அவரைக் கும்பிடலாம்.

12 மார்ச், புதன்

பெரிய டாக்டர் அமீருதீனையும் அம்மாவையும் வரவழைத்தார். டி.பி. இல்லை, ஊசி வேண்டாம், கட்டியை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றார். அவ்வளவுதான். ஏன், எதனால் - ஒரு வார்த்தை இல்லை.

ரஹீமுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "மொதல்ல கீதுன்னீங்கோ. இப்ப இல்லேன்றீங்கோ. நாளிக்கி மறுக்கா கீதும்பீங்கோ. ஜன்னத்துக்கும் இப்டித்தான் ஒண்ணுமில்லேன்னாங்கோ." பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அமீருதீன் அம்மாவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனான்.

நான் வாயைத் திறந்தேன். பெரிய டாக்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிறகு தனியாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரி பேர் கெட்டா ஜனங்க ஆபரேஷனுக்கே வரமாட்டாங்க. உன்னையும் சேர்த்துத்தான் காப்பாத்துறேன்."

என்னை எதற்குக் காப்பாற்றவேண்டும்?

16 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து நேரே வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். யூனிபாரம் போடவில்லை. ரஹீமுன்னிசா கூடத்தில் உட்கார்ந்து பையனுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்திக்கெழமயும் வுட மாட்டீங்களா?" என்றாள்.

நின்றுகொண்டே சொன்னேன். "முள்ளு குத்தி உள்ளே நின்னுட்டா சுத்திக் கட்டி வருதில்ல? உடம்பு அந்த முள்ளை வெளியே விடவும் முடியாம, கரைக்கவும் முடியாம வளைச்சுக்கும். உங்க மருமகளுக்கு வந்திருக்கிறது அந்தக் கட்டிதான். சீக்கு இல்லை. யாருக்கும் தொத்தாது."

"வயித்துக்குள்ள முள்ளு எப்டிப் பூந்துச்சு?"

"முள்ளு இல்லை. டாக்டர் கிளவுஸுக்குப் போடுற கல்லுப் பவுடர்."

"யாரு போட்டது?"

"நான்தான். ஜாஸ்தியாப் போட்டேன். கழுவுற தண்ணியையும் எடுத்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். "நாசமாப் போறவளே! ஒன்றரை மாசம்! பாலு வத்திப்பூட்ச்சே அவளுக்கு! பச்சக்கொயந்தயப் பிரிச்சி வச்ச பாவி நாந்தான்னு கெடந்தேனே!" தெருவில் கூட்டம் கூடிவிட்டது. நான் நகரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத்தான் சேரவேண்டும். ஓய்ந்ததும், புட்டியைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள். "அமீரு, ஜட்கா புடி. கல்மண்டபம் போவணும்." என்னிடம் திரும்பி, "நீயும் ஏறு. அவகிட்ட நீயே சொல்லு."

இன்று முழுக்க என் மனசில் நிற்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். சபீஹா கேட்டுக்கொண்டாள். "அப்ப எனக்கு டிபி இல்ல?" "இல்லை." "எப்பவுமே இல்ல?" "எப்பவுமே இல்லை." உடனே கையை நீட்டினாள். பையன் பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டான். ரஹீமுன்னிசா அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். "வுடுங்க மாமி, பயப்புடுறான்" என்று சபீஹா கையை இறக்கிக்கொண்டாள்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

17 மார்ச், திங்கள்

பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். காது சிவந்துவிட்டது அவருக்கு. ஒன்றாம் தேதியிலிருந்து தியேட்டர் கிடையாது, வெளி நோயாளிகளுக்குக் கட்டுப் போடுகிற அறை. சரி சார் என்றேன். பன்னிரண்டு வருஷம். வலிக்கத்தான் செய்கிறது.

ஜேக்கப் கேட்டுவிட்டு, "நான்தான் சொன்னேனே" என்று சொல்லாமல் இருந்தார். அது பெரிய விஷயம்.

20 மார்ச், வியாழன்

சபீஹாவின் கட்டியை எடுத்தார்கள். பெரிய டாக்டர் கிளவுஸ் கையை மூன்று தண்ணீரில் அலசினார். நான் சொல்லவில்லை, அவரே அடுத்த பேசினைக் கேட்டார். மயக்கம் கொடுக்கும்போது சபீஹா கையை நீட்டினாள். யாரிடம் என்று பார்த்தேன். என்னிடம்தான். பிடித்துக்கொண்டேன்.

5 ஏப்ரல், சனி

புது அறை. நாள் முழுக்கச் சீழும் சிரங்கும். கொதிநீர் மட்டும் குறையில்லாமல் வருகிறது.

21 ஏப்ரல், திங்கள்

சபீஹா கடைசிக் கட்டுக்கு வந்தாள், மாமியாரோடும் பிள்ளையோடும். இப்போது வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறாள். புண் மூடிவிட்டது. காதில் விசில் இன்னும் லேசாக இருக்கிறதாம்.

அவள் படுக்கவேண்டுமே என்று அலி அக்பரை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கூரை பறக்கிற மாதிரி ஒரு அழுகை. ரஹீமுன்னிசா, "இங்க வாடா ராசா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு சபீஹா மேல் பாய்ந்தான்.

"பாத்தியா நர்ஸம்மா, நன்றி கெட்ட பயல! ஒன்றர மாசம் இடுப்பு ஒடியத் தூக்கினவ நானு" என்று ரஹீமுன்னிசா சிரித்தாள். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனை இறக்கிவிட்டுப் படு என்று சபீஹாவிடம் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். சரி, நில் என்றேன். அவள் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நிற்க, நான் கீழே முட்டி போட்டு, அவன் கால் என் தலையில் உதைக்க உதைக்க, கட்டுப் போட்டு முடித்தேன்.