விளக்கு அணைந்தால் சத்தம் போட அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ஓவர்லாக் தையல் தொழிலாளி,
பச்சை ஷட்டர் போட்ட கொட்டகை (கதவு எண் கிடையாது),
ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்சந்து.

பெறுநர்:
உயர்திரு துணை ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: ஏற்றுமதி ஆடை நிறுவனத்தின் மறைவுக் கொட்டகையில் புகையில் மூச்சுத் திணறி இறந்த என் நாத்தனாரைத் தொழிலாளி என்று பதிவு செய்யவும், இப்போது இயங்கும் கொட்டகையைத் தாங்களே நேரில் வந்து பார்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுவும், 'அப்படி ஓர் இடம் இல்லை' என்ற தங்கள் அலுவலகப் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இல்லாத இடத்தில் தினமும் வேலைக்குப் போய்வருகிற ஒருத்தி எழுதும் மனு இது. தங்கள் பதிலைப் படித்த பிறகும் மறுநாள் அதே இடத்துக்குத்தான் போனேன். தையல் இயந்திரம் இருந்தது, மாஸ்டர் இருந்தார், ஏச்சும் இருந்தது. எனவே தங்கள் கோப்பில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மேற்படி நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி முகப்பும் வரிசையாக நட்ட மரக்கன்றுகளும் இருக்கும். 'நூல் முதல் பொத்தான் வரை பொறுப்புடன்' என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் துணி வாங்கும் கடைக்காரர்கள், எங்கே யார் தைத்தாலும் நல்லபடியாக நடத்தப்பட வேண்டும் என்று கேட்கிறார்களாம். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்கும் நாளுக்குள் அத்தனை துணியையும் அந்த ஒரு கட்டடத்தில் தைக்க முடியாது. மிச்சத்தை மூட்டை கட்டி டெம்போவில் ஏற்றி எங்களிடம் அனுப்புவார்கள். தைத்து முடித்த துணி திரும்ப அங்கே போய் முத்திரை வாங்கிக்கொள்ளும். துணிக்கு அந்த வாசலுக்குள் போக அனுமதி உண்டு, எங்களுக்குக் கிடையாது.

3. அந்தக் கடைக்காரர்கள் சார்பில் தணிக்கைக்குத் துரைமார் வரும் நாளில் எங்கள் கொட்டகையில் நடப்பதற்குக் 'கண்ணாமூச்சி' என்று பெயர். பெயர் வைத்தவள் என் நாத்தனார். பெரிய வாசலில் கார் நுழைந்ததும் காவலாளி மாஸ்டருக்குப் போன் செய்வார். தேடி வந்தாலும் கொட்டகை காலியாகத் தெரிய வேண்டும் என்று, மாஸ்டர் வெளியிலிருந்தே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஷட்டருக்கு எப்போதும் வெளிப்பூட்டுதான். விளக்கு அணைந்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, தலையை மேஜையில் கவிழ்த்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். இருமல் வந்தால் வெட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒருத்தி தும்மியதற்கு, அவள் வரிசை முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு யாரும் தும்மவில்லை. விளக்கு அணைந்தால் வாய் தானாகவே மூடிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

4. என் நாத்தனாரைத் தெருவே 'வாயாடி' என்றுதான் கூப்பிடும். அவள் தெருமுனையில் வரும்போதே வீட்டில் உலை வைத்துவிடலாம், அவ்வளவு தொண்டை. எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லாத நாள் கிடையாது. என் சமையலைப் பழிப்பாள், ஆனால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்வரை சாப்பிடுவாள். கணவன் விட்டுப் போனபின் சிறு வயது மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவளை நான்தான் கொட்டகையில் சேர்த்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்து இயந்திரம். இயந்திரச் சத்தத்தையும் மீறிப் பேசிக்கொண்டே தைப்பாள். அவளை வாய் மூடவைக்க மாஸ்டரால் ஆகவில்லை, கண்ணாமூச்சிக்கு மட்டும்தான் அடங்குவாள்.

5. சம்பவத்தன்று எந்தத் தணிக்கையும் இல்லை. கொட்டகையின் பின்மூலையில் இஸ்திரி மேஜைக்குப் போகும் ஒயர் உருகி, அடுக்கி வைத்திருந்த கழிவுத் துணி மூட்டைகளில் நெருப்புப் பிடித்து, கொழுந்து விடாமல் கனன்று புகைந்திருக்கிறது. அதில்தான் மின்சாரம் போனது. எங்களுக்கு அது தெரியாது. விளக்கு அணைந்தது, நாங்கள் தலையைக் கவிழ்த்தோம். இஸ்திரி நடக்கும் இடத்தில் தீய்ந்த வாடை எப்போதும் இருப்பதுதான் என்பதால் முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போது என் நாத்தனார் என் காதோரம் வந்து, "அண்ணி, இன்னைக்கு வந்திருக்கிற துரை சுருட்டுப் பிடிக்கிறவர் போல இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஐயா, அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

6. அதன் பிறகு அவள் இருமினாள். உடனே வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். எல்லோருமே அப்படித்தான் செய்தோம். கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. துரை போய்விடுவார், இதோ விளக்கு வந்துவிடும் என்று இருந்தோம். மூட்டைகளை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் அவள். ஒருத்திகூட ஷட்டரைத் தட்டவில்லை. எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர் மேல் ஜன்னலில் புகையைப் பார்த்துவிட்டு, பூட்டை உடைத்துத் திறந்தார். நாங்கள் வெளியே விழுந்தோம். அவளைத் தூக்கி வந்து வாயிலிருந்த துணியை நான்தான் எடுத்தேன். வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் சட்டையின் காலர் துண்டு அது.

7. விசாரணைக்கு வந்த அதிகாரி பஞ்சர் கடைக்காரரைக் கேட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "வெளிப்பூட்டு தொங்குச்சு, அந்நேரம் உள்ள ஆள் இருக்கிறதே எனக்குத் தெரியாதுங்க. ஒரு சின்னச் சத்தம்கூடக் கேக்கல. பொருள் எரியுதேன்னுதான் ஒடச்சேன்" என்றார். இந்த ஒரு வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு, அது பழைய அட்டைப்பெட்டிகள் போட்டுவைக்கும் கிடங்கு என்றும், ஆட்கள் வேலையில் இருந்திருந்தால் கூச்சல் கேட்டிருக்கும் என்றும், நாங்கள் அனுமதியின்றி உள்ளே புகுந்து ஓய்வெடுத்தவர்கள் என்றும் நிறுவனம் எழுதிக் கொடுத்தது. தங்கள் அலுவலகமும் அதையே ஏற்றுக்கொண்டது. சத்தம் போடாதே என்று பழக்கியவர்களே, சத்தம் போடாததால் நீங்கள் அங்கே இல்லை என்கிறார்கள். இதற்கு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

8. காரியங்கள் முடிந்தபின் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இறந்தவள் எங்கள் தொழிலாளி இல்லை, ஆனாலும் சுற்றுவட்டார ஏழைப் பெண்களுக்கு உதவுவது எங்கள் கடமை என்று சொல்லி, ஒரு மரக்கன்றும் புதுத் தையல் இயந்திரமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிரிக்கச் சொன்னார்கள். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த இயந்திரம் உறை பிரிக்காமல் அவள் படுத்த இடத்தில் கிடக்கிறது.

9. வாங்கும் கடைக்காரர்களிடமே சொல்லிவிடலாம் என்று, பெரிய தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் குறைதீர்ப்பு எண்ணுக்கும் பேசினேன். உங்கள் பிரிவின் எண்ணை அழுத்தவும் என்றது பதிவு செய்த குரல். எங்கள் கொட்டகைக்கு எண் கிடையாது. எதை அழுத்தினாலும் திரும்பத் திரும்ப நன்றி சொல்லிற்று.

10. கொட்டகை இப்போது ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் மாறியிருக்கிறது. அதே மாஸ்டர், அதே வெளிப்பூட்டு. நானும் அங்கேதான் தைக்கிறேன், வேறு போக்கிடம் இல்லை. போன வாரம் ஊருக்கே மின்சாரம் போயிற்று. எங்களுக்கு அது தெரியாது. விளக்கு அணைந்தது. என் கை தானாகத் துணியைத் தேடியது. கத்த வேண்டும், இந்த முறையாவது கத்த வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தொண்டை திறக்கவில்லை. அன்று பிழைத்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தோம், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. விளக்கு வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியவில்லை.

11. வாயாடியின் மகள் இப்போது என்னிடம்தான் வளர்கிறாள். வீட்டில் மின்சாரம் போனால், "அத்தை, ஏன் பேச மாட்டேங்கிற? பயமா இருக்கு, பேசு" என்று என் கன்னத்தைத் தட்டுகிறாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஒருநாள் தங்கள் அறிக்கையையும் படிப்பாள். அதில் அவள் அம்மா 'அத்துமீறி நுழைந்தவர்' என்று இருக்கிறது. இறந்தவளை என்னால் எழுப்ப முடியாது. அந்தச் சொல்லை மட்டுமாவது அடித்துவிட்டுத் 'தையல் தொழிலாளி' என்று எழுதிக் கொடுங்கள்.

12. இத்துடன், விளக்கு அணைந்தால் தொழிலாளர்கள் சத்தம் போடலாம் என்று தங்கள் முத்திரையோடு ஓர் உத்தரவு பிறப்பித்து, பச்சை ஷட்டருக்கு உள்பக்கம் ஒட்டச் செய்ய வேண்டுகிறேன். யாராவது எழுதிக் கொடுத்தால் ஒழிய எங்களால் இனிக் கத்த முடியாது போலிருக்கிறது. இந்த மனுவுக்கும் பழைய பதிலே வரும் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஒருவேளை தாங்கள் நேரில் வருவதானால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் கார் சந்தில் திரும்பும்போதே விளக்கை அணைத்துவிடுவார்கள். உள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்காது. ஆள் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள், ஐயா. பூட்டை உடையுங்கள்.

இடம்: ஐஸ் தொழிற்சாலைப் பின்சந்து
நாள்: 14.09

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் இல்லாத தொழிலாளி,
வாயாடியின் அண்ணி
(கையொப்பம்)