அழிக்கக் கூடாத நோட்டு

டுலூத்
ஏப்ரல் 12

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

இங்கே நான், அம்மா, நீ எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பூனை, மூவரும் சுகம். அலாஸ்காவில் நீயும் உன் ஆஸ்பத்திரி லேப் வேலையும் சுகமாக இருக்கவேண்டும். ஏப்ரல் பாதியாகியும் பனி விட்டபாடில்லை, நேற்றும் பனி தள்ளும் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிச்சாலைக்குப் போய்வந்தேன். அம்மாவின் முட்டி பரவாயில்லை, மாடி ஏறாதே என்றால் கேட்கிறாளா, துணிக்கூடையோடு ஏறி நிற்கிறாள்.

சனிக்கிழமை போன் செய்தால் அப்பா இருப்பதே இல்லையே என்று கேட்டாயாம். மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னது நான் சொல்லச் சொன்ன பொய். நான் போவது கெமிஸ்ட்ரி வகுப்புக்கு. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. எங்கள் பனிவண்டி டிப்போவில் சூப்பர்வைசர் வேலை காலியாகிறது, ஹைஸ்கூல் டிப்ளமா இல்லாமல் மனுகூடப் போட முடியாது. டிப்ளமாவுக்கு மூன்று வருட சயின்ஸ் வேண்டும், எனக்கு இருப்பது இரண்டு. கெமிஸ்ட்ரியில் கோட்டைவிட்டுத்தான் அந்தக் காலத்தில் லாரி ஓட்டப் போனேன். இப்போது பெரியவர்களுக்கென்று ஸ்கூலிலேயே வகுப்பு நடக்கிறது. உப்பு பனியை ஏன் உருக்குகிறது என்ற பாடத்தில் மட்டும் நான் ராஜா, இருபத்தாறு வருடம் ரோட்டில் கொட்டியவனல்லவா.

போன வாரம் வினிகர் சோதனை. வினிகரில் நிறங்காட்டி மருந்தைக் கலந்து, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசாக ரோஜா நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தவேண்டும். எனக்கு பீட்ரூட் ஊறுகாய் நிறத்துக்குப் போய்விட்டது. பக்கத்து மேஜை ரெனே, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், “இது ரோடு இல்ல டுவேன், அள்ளிக் கொட்டாத” என்றாள். ரோஷம் வந்து, லேப் நோட்டில் நான் விட்ட காரத்தின் அளவை வெள்ளை மை பூசி மறைத்து அவளுடைய அளவை எழுதிவைத்தேன். அந்த நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் பெயரெழுத்துப் போடவேண்டும். டீச்சர் ஓக்கர்லண்ட் அம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “தப்பா வந்தது தப்பில்ல டுவேன். மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் பாஸ் இல்லை. வரும் சனிக்கிழமை மறுபடி செய்யவேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் நினைவுதான். பத்தாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியை விடப்போகிறேன் என்று நீ அழுதபோது, “நானே பாஸ் பண்ணேன், உனக்கென்னடி” என்றேன். நீ நம்பிப் படித்து, இன்று அதிலேயே சாப்பிடுகிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறதம்மா. அந்த வரியை ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிடு, கீழே இருப்பது தெரியட்டும். பக்கத்தில் என் பெயரெழுத்து: டு.ஹா.

குளிர்கால டயரை மே வரை கழற்றாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். ஜூன் ஐந்தாம் தேதி பட்டமளிப்பு, பாஸானால் ஆளுக்கு இரண்டு டிக்கெட். ஃபாரத்தில் ஒன்றுக்கு அம்மா பெயரும் இன்னொன்றுக்கு உன் பெயரும் எழுதிக் கொடுத்துவிட்டேன், பேனாவால்.

உன் அப்பா,
டுவேன் ஹால்வர்சன்